7,20,720 என்னும் எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்திற்கு அருகில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பு நடக்கும் திண்ணையின் சுவரில் 7,20,720 என்ற எண் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்கும் பிள்ளைகளும், அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோரும், வழியில் நின்று விசாரிப்பவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அக்கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே வைத்து, விடைகளை ஓர் ஒழுங்கில் எழுதியிருக்கிறேன்.

இது என்ன நம்பர் சார், சுவத்துல எழுதி வச்சிருக்கீங்க?

கரைவலை இழுக்கும் நாட்களில் கயிறு பிடிக்க எத்தனை பேர் வருவார்கள் என்பது அன்றன்றுதான் தெரியும். செலவு போக மிஞ்சும் பணத்தைப் பங்கு வைக்கும்போது ஒன்பது பேர் இருந்தால் ஒரு மீதி விழும், பதினொரு பேர் இருந்தால் வேறொரு மீதி விழும். அப்பாவோடு கரையில் நின்று இதைப் பார்த்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஒரு ஆள்ல இருந்து பதினாறு ஆள் வரைக்கும் எத்தனை பேர் வந்தாலும் மீதியே விழாத தொகை ஏதாச்சும் இருக்கா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கான விடைதான் சுவரில் உள்ளது. 1 முதல் 16 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராத எண்களில் மிகச் சிறியது 7,20,720.

இதை எப்படி வாசிக்கணும்? கமாவை எங்கே போடணும்?

ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது. நம் வழக்கப்படி 7,20,720 என்று காற்புள்ளி இடுவதே சரி. ஆனால் இந்த எண்ணின் அழகு அந்தக் காற்புள்ளிக்குள் மறைந்துபோகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மும்மூன்று இலக்கமாகப் பிரித்து 720,720 என்று எழுதிப் பாருங்கள். ஒரே எண் இரண்டு முறை அடுத்தடுத்து நிற்பது உடனே கண்ணில் படும். இது தற்செயல் அன்று. இதற்கான காரணம் கீழே வருகிறது.

இது ரொம்பப் பெரிய நம்பரா?

நொடிக்கு ஒன்று வீதம் தூங்காமல், நிறுத்தாமல் எண்ணினால் 8 நாள் 8 மணி 12 நிமிடத்தில் எண்ணி முடித்துவிடலாம். கணிதத்தில் பேசப்படும் எண்களோடு ஒப்பிட்டால் இது சிறியதே. ஆனால் தன் அளவுக்கு இது செய்யும் வேலை மிகப் பெரியது.

பதினாறு வரைக்கும் நிஜமாவே மீதி வராதா? வகுத்துக் காட்டுங்க.

சிறிய எண்களை விட்டுவிட்டு 7 முதல் பார்ப்போம். 7-ஆல் வகுத்தால் 1,02,960. 8-ஆல் 90,090. 9-ஆல் 80,080. 10-ஆல் 72,072. 11-ஆல் 65,520. 12-ஆல் 60,060. 13-ஆல் 55,440. 14-ஆல் 51,480. 15-ஆல் 48,048. 16-ஆல் 45,045. ஓரிடத்திலும் மீதி இல்லை.

இந்த ஈவுகளை இன்னொரு முறை பாருங்கள் என்று பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன். 8, 9, 10, 12, 15, 16 ஆகியவற்றால் வகுக்கும்போது ஈவிலும் அதே எதிரொலி கேட்கிறது: 90-090, 80-080, 72-072, 60-060, 48-048, 45-045. ஆனால் 7, 11, 13, 14 ஆகியவற்றால் வகுக்கும்போது அந்த எதிரொலி நின்றுவிடுகிறது. ஏன் என்று தெரிந்துகொள்வதற்கு முன் அடுத்த கேள்வியைப் பார்த்துவிட வேண்டும்.

பகா எண், பகு எண்ணுன்னு சொல்றீங்களே, அது என்ன?

கடற்கரை மணலில் 12 சிப்பிகளை வரிசையாக அடுக்குங்கள். ஒரே வரிசையில் 12 வைக்கலாம், இரண்டு வரிசையாக ஆறு ஆறு வைக்கலாம், மூன்று வரிசையாக நான்கு நான்கு வைக்கலாம். இப்போது இன்னும் ஒரு சிப்பியைச் சேர்த்து 13 ஆக்கி முயன்று பாருங்கள். ஒரே வரிசையைத் தவிர வேறு எந்தச் செவ்வகமும் அமையாது. எப்படி வைத்தாலும் ஒரு மூலை குறையும் அல்லது ஒரு சிப்பி வெளியே நிற்கும். 12-ஐப் போன்றது பகு எண். 13-ஐப் போன்று, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது பகா எண்.

எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம். வரிசையை மாற்றி எழுதலாமே தவிர, ஓர் எண்ணுக்கு அப்படிப்பட்ட பிரிப்பு ஒன்றே ஒன்றுதான் உண்டு. 7,20,720-ஐப் பிரித்தால் 2 × 2 × 2 × 2 × 3 × 3 × 5 × 7 × 11 × 13 என்று வரும். அதாவது நான்கு 2, இரண்டு 3, பிறகு 5, 7, 11, 13 ஒவ்வொன்று. இந்த எண்ணைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் இந்த ஒரு வரியிலிருந்தே விடை எடுத்துவிடலாம். இனி வரும் விடைகளெல்லாம் இதையே திரும்பத் திரும்பப் பார்ப்பவை.

ஒன்னுல இருந்து பதினாறு வரைக்கும் எல்லாத்தையும் பெருக்கினா போதாதா? ஏன் தலையைப் பிச்சுக்கணும்?

பெருக்கலாம், வகுபடும். ஆனால் கிடைக்கும் எண் 20 லட்சத்து 92 ஆயிரத்து 278 கோடிக்கும் மேலே போய்விடும். நாம் தேடுவது மிகச் சிறியதை. 16-க்காக நான்கு 2 வைத்துவிட்டால், 2-க்கும் 4-க்கும் 8-க்கும் வேண்டியவை அவற்றிலேயே அடங்கிவிடுகின்றன. 9-க்காக இரண்டு 3 வைத்தால் 3, 6, 12 ஆகியவை நிறைவடைகின்றன. 10, 14, 15 ஆகியவற்றுக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2, 3, 5, 7 எல்லாம் ஏற்கெனவே கையில் உள்ளன. பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு என்று படிப்பது இதைத்தான்: ஒவ்வொரு பகா எண்ணும் எந்த இடத்தில் அதிகமாகத் தேவையோ, அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒன்றும் வைக்காமல் பெருக்குவது.

720 ஏன் ரெண்டு தடவை வருது?

7 × 11 × 13 = 1001. எந்த மூன்றிலக்க எண்ணையும் 1001-ஆல் பெருக்கினால், அந்த எண்ணின் ஆயிரம் மடங்கோடு அதே எண் ஒரு முறை கூடுகிறது. எனவே அது இரண்டு முறை எழுதியதுபோல் நிற்கும். நம் எண்ணில் 7, 11, 13 மூன்றும் ஒவ்வொரு முறை இருக்கின்றன. அவற்றைத் தனியே ஒதுக்கினால் மீதமுள்ள நான்கு 2, இரண்டு 3, ஒரு 5 ஆகியவற்றின் பெருக்கம் 16 × 9 × 5 = 720. ஆகவே 7,20,720 என்பது 720 × 1001.

மேலே கேட்ட எதிரொலிக்கும் இதுவே காரணம். 15-ஆல் வகுக்கும்போது 720 மட்டும் 48 ஆகச் சுருங்குகிறது. 1001 முழுதாக இருப்பதால் 48,048 வருகிறது. 7-ஆலோ 13-ஆலோ வகுக்கும்போது 1001 உடைந்துவிடுவதால் எதிரொலியும் உடைகிறது. வீட்டில் யாரிடமாவது ஏதேனும் ஒரு மூன்றிலக்க எண்ணை இரண்டு முறை சேர்த்து எழுதச் சொல்லி, 7-ஆலும் அடுத்து 11-ஆலும் அடுத்து 13-ஆலும் வகுக்கச் சொல்லுங்கள். எழுதிய மூன்றிலக்க எண்ணே திரும்பி வந்து நிற்கும்.

ராமேஸ்வரம் கோயில் மூணாம் பிராகாரத்துல 1212 தூணுன்னு சொல்றாங்க. அதுவும் இதே மாதிரி விசேஷ நம்பர்தானே?

தோற்றம் ஒன்றுபோல் இருப்பது உண்மை: 1212 என்பது 12 × 101. ஆனால் 1001 மூன்றாக உடைவதைப் போல 101 உடையாது. அது பகா எண். 1212-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தமே பன்னிரண்டுதான். இரண்டு முறை எழுதியது போன்ற தோற்றத்தால் மட்டும் ஓர் எண் நன்றாக வகுபட்டுவிடாது. அந்தத் தோற்றத்திற்குப் பின்னால் உள்ள பெருக்கலையே பார்க்க வேண்டும்.

மொத்தம் எத்தனை நம்பரால இதை வகுக்கலாம்?

240 எண்களால். ஒவ்வொன்றாகத் தேட வேண்டிய அவசியமில்லை. 7,20,720-இன் காரணி ஒன்றை உருவாக்குவது, கடையில் சாமான் எடுப்பது போன்றது. நான்கு 2-களில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எடுக்கலாம். ஆக ஐந்து வழிகள். 3-இல் மூன்று வழிகள். 5, 7, 11, 13 ஒவ்வொன்றிலும் எடுக்கலாம் அல்லது விடலாம். ஆக ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழிகள். 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240.

இந்த 240-உம் இரண்டிரண்டாக இணை சேரும். 15-க்கு இணை 48,048, 22-க்கு இணை 32,760. மிக நெருங்கிய இணை 840-உம் 858-உம். இவ்விரண்டையும் பெருக்கி 7,20,720 வருவதை ஒரு மாணவன் தானாகவே கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

பதினேழாவது ஆள் வந்துட்டா?

ஆளுக்கு 42,395 போக 5 மீதி விழும். பிரிப்பில் 17 இல்லை என்பதால் வகுத்துப் பார்க்காமலேயே வகுபடாது என்று சொல்லிவிடலாம். ஆனால் 17-இல் தடுக்கினால் அதற்கு மேலே எல்லாமே தடுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 18, 20, 21, 22, 24, 26, 28, 30 ஆகிய அனைத்தும் மீதியின்றி வகுக்கின்றன. 24-ஆல் வகுத்தால் 30,030 வரும். அது 2, 3, 5, 7, 11, 13 என்னும் முதல் ஆறு பகா எண்களை ஒவ்வொரு முறை மட்டும் பெருக்கினால் கிடைப்பது.

பெரிய நம்பரால வகுபடுமான்னு எப்படிச் சட்டுன்னு சொல்றது? பாம்பன் புதுப் பாலத்துல நூறு கண்ணு இருக்கே, நூறால வகுபடுமா?

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 18.3 மீட்டர் நீளமுள்ள கண்கள் 99. கப்பலுக்கு வழிவிட மேலே உயரும் 72.5 மீட்டர் கண் ஒன்று, ஆக 100. இந்த இரண்டு எண்களும் மிக நல்ல பயிற்சி. 99 என்பது 3 × 3 × 11. இரண்டு 3-உம் ஒரு 11-உம் நம் பிரிப்பில் உள்ளன. ஆகவே வகுபடும், ஈவு 7,280. தூக்குக் கண்ணையும் சேர்த்து 100 ஆக்கியவுடன் 2 × 2 × 5 × 5 என்று இரண்டு 5 தேவைப்படுகிறது. நம்மிடம் உள்ளது ஒன்றுதான். ஆகவே வகுபடாது, மீதி 20.

4-ஆல வகுபடுது, 6-ஆல வகுபடுது. அப்ப 24-ஆலயும் வகுபடும்னு சொல்லலாம்ல?

சொல்லக் கூடாது. 7,20,720-ஐப் பொறுத்தவரை அது 24-ஆல் வகுபடுவது உண்மை என்பதால் இந்தத் தவறு எளிதில் வெளியே தெரிவதில்லை. அதனாலேயே இதை எச்சரிக்கையுடன் சொல்கிறேன். 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஆலும் 6-ஆலும் வகுபடுகிறது, 24-ஆல் வகுபடவில்லை. 4-இல் உள்ள ஒரு 2-ஐயே 6-உம் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரே பொருளை இரண்டு பேர் கணக்கில் எழுதிவிட்டால் சரக்கு இரண்டாகிவிடாது. பொதுவான காரணி எதுவும் இல்லாத இரண்டு எண்களுக்கு, எடுத்துக்காட்டாக 9-க்கும் 16-க்கும், இப்படிப் பெருக்கிச் சொல்வது செல்லும்.

ராமானுஜனுக்கும் இந்த நம்பருக்கும் சம்பந்தம் இருக்காமே?

இருக்கிறது. 7,20,720-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. மிக அருகில் வருவது 224 காரணிகள் கொண்ட 6,65,280. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரை 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற பட்டமும் இந்த ஆய்வுக்காகவே.

இத்தகைய எண்ணில் பெரிய பகா எண் எதுவும் தன்னைவிடச் சிறிய பகா எண்ணைக் காட்டிலும் அதிக முறை வராது என்பதையும், 4, 36 என்னும் இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதையும் அவர் நிறுவினார். நம் எண்ணில் 13 ஒரு முறை மட்டும் வருவதைப் பாருங்கள். 13-ஐ எடுத்துவிட்டு 17-ஐ வைத்தால் 9,42,480 வரும். அதற்கும் 240 காரணிகளே. எண் பெரிதானதுதான் மிச்சம்.

அவர் கையால் கணக்கிட்டுத் தந்த பட்டியல் 67,46,32,83,88,800 வரை போகிறது. அதில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் கிடைக்கும் என்பதை நீங்களே சரிபார்க்கலாம். கணிப்பொறி இல்லாத காலத்தில் அத்தனை தூரம் நடந்தவரின் உழைப்பை, அந்த ஒரு விடுபடல் இன்னும் தெளிவாகவே எனக்குக் காட்டுகிறது.

ஆறு இலக்க நம்பர்ல இதுக்குத்தான் காரணி ஜாஸ்தியா?

ஆறு இலக்கங்களுக்குள் 240-ஐத் தாண்டியது எதுவும் இல்லை. ஆனால் 240 என்னும் அளவை எட்டியவை ஐந்து: 7,20,720, 8,31,600, 9,42,480, 9,82,800, 9,97,920. அவற்றில் சிறியது நம்முடையது.

இவ்வளவு பேரால வகுபடுற நம்பரோட ஒன்னைக் கூட்டினா, யாராலயும் வகுபடாத பகா எண் வந்துடும்ல?

நல்ல ஊகம், ஆனால் தவறு. 7,20,721-ஐ 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறில் எதனாலும் வகுக்க முடியாது என்பது உறுதி. ஒவ்வொன்றிலும் மீதி 1 விழும். எனினும் அதைவிடப் பெரிய பகா எண் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கலாம். ஒளிந்திருக்கிறது: 7,20,721 = 71 × 10,151. ஒன்றைக் கழித்தாலும் அதே கதை: 7,20,719 = 31 × 67 × 347.

இதிலிருந்து இன்னொன்று கிடைக்கிறது. 7,20,720-உடன் 2 முதல் 16 வரை எந்த எண்ணைக் கூட்டினாலும், கூட்டிய எண்ணாலேயே அது வகுபடும், கழித்தாலும் அப்படியே. நடுவில் உள்ள மூன்றும் பகு எண்கள் என்பதை இப்போதுதான் பார்த்தோம். எனவே 7,20,704 முதல் 7,20,736 வரை அடுத்தடுத்து வரும் 33 எண்களில் ஒன்றுகூடப் பகா எண் இல்லை.

இது வர்க்க எண்ணா?

இல்லை. வர்க்க எண்ணில் ஒவ்வொரு பகா எண்ணும் இரட்டைப்படை முறை வர வேண்டும். இங்கே 5, 7, 11, 13 ஒற்றையாக நிற்கின்றன. அவற்றுக்குத் துணையாக 5 × 7 × 11 × 13 = 5,005-ஆல் பெருக்கினால் 360,72,03,600 வரும்; அது 60,060-இன் வர்க்கம்.

இதனால என்ன சார் பிரயோசனம்? யாரும் ஏழு லட்சத்தைப் பதினாறு பேருக்குப் பிரிக்கப் போறதில்லையே.

பங்கு வைக்க இந்தத் தொகை தேவையில்லை என்பது சரியே. பின்னங்களைக் கூட்டுவதில் இதன் வேலை வருகிறது. ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று பதினாறில் ஒன்று வரை கூட்டினால் 24,36,559-இன் கீழ் 7,20,720 என்ற விடை வரும். பொதுப் பகுதியாக இந்த எண் வந்து நிற்பதற்குக் காரணம், மேலே ஆறாவது விடையில் சொன்ன மீச்சிறு பொது மடங்கே.

மீண்டும் மீண்டும் வரும் நிகழ்ச்சிகள் ஒன்றாகக் கூடும் நாளைக் கண்டுபிடிப்பதிலும் இதுவே. பதினாறு படகுகள் இன்று ஒரே நேரத்தில் கரைக்கு வருகின்றன என்று கொள்வோம். முதல் படகு நாள்தோறும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒரு முறை, இப்படியே பதினாறாவது பதினாறு நாளுக்கு ஒரு முறை கரைக்கு வருமானால், பதினாறும் மறுபடி ஒரே நாளில் கரையில் நிற்க 7,20,720 நாட்கள், அதாவது ஏறத்தாழ 1973 ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு படகுகள் என்றால் 27,720 நாட்கள். 76 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. நான்கு படகுகள் கூடியதற்கு இத்தனை வேறுபாடு ஏன் என்றால், 13-உம், 16-க்கு வேண்டிய நான்காவது 2-உம் உள்ளே நுழைந்து 26 மடங்காக்கிவிட்டன. 14-உம் 15-உம் எதையும் கூட்டவில்லை.

இருபது பேர் வரைக்கும் மீதி விழாத தொகை எது?

முதலில் கேட்ட அதே மாணவி சில மாதங்கள் கழித்துக் கேட்டது இது. 17-ஐச் சேர்த்தால் 1,22,52,240. 18-க்கு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. இரண்டு 3-உம் ஒரு 2-உம் ஏற்கெனவே உள்ளன. 19-ஐச் சேர்த்தால் 23,27,92,560. 20-க்கும் எதுவும் வேண்டாம். ஆகவே விடை 23,27,92,560. இதற்கு மேலே 21, 22 ஆகியவையும் செலவின்றிக் கடந்துபோகும், 23-இல் எண் 23 மடங்காகும், 24-இல் நகராது, 25-இல் இரண்டாவது 5 வேண்டும் என்பதால் ஐந்து மடங்காகும். அந்த 25 வரைக்குமான எண்ணை அவளே பெருக்கி எழுதிக்கொண்டு வந்தாள்: 2677,11,44,400. சுவரில் 7,20,720-க்குக் கீழே அது இப்போது அவள் கையெழுத்தில் இருக்கிறது.